இரண்டு அங்கி எதற்கு? பாதயாத்திரைக்குப் பை கட்டுவோருக்கு



ஆகஸ்டு 29 அன்று வேளாங்கண்ணியில் கொடி ஏறுகிறது. செப்டம்பர் 8 அன்னையின் பிறப்பு விழா. இந்த நாள்களையொட்டிக் காவி உடுத்தி, சிறிய தேரில் அன்னையின் சுரூபத்தை வைத்து இழுத்துக்கொண்டு, செபமாலை சொல்லியபடி நம் மக்கள் கூட்டம் கூட்டமாக நடப்பதைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காணலாம். சென்னையிலிருந்து சுமார் 320 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து சுமார் 150. நாகப்பட்டினத்திலிருந்து கிளம்புகிறவருக்குக்கூட 12 கிலோமீட்டர் இருக்கிறது. செபம், ஒறுத்தல், பாவசங்கீர்த்தனம் பற்றியெல்லாம் புறப்படுமுன் அருள்பணியாளர்கள் சொல்வார்கள். முதுகில் ஏறப்போகிற பையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இரண்டாம் நாள் மாலை பேருந்து ஏறி வீடு திரும்புகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பக்தி குறைந்து திரும்பியவர் அவர்களில் அநேகமாக இருக்க மாட்டார். காலும் தோளும்தான் கைவிட்டிருக்கும். ஆகவே இன்று பையைப் பற்றிப் பேசுவோம்.

நம் ஆண்டவரே இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். பன்னிருவரை இருவர் இருவராக அனுப்பும்போது கைத்தடி தவிர உணவு, பை, இடைக்கச்சையில் காசு எதுவும் வேண்டாம், மிதியடி போட்டுக்கொள்ளலாம், அங்கி மட்டும் இரண்டு வேண்டாம் என்றார் (மாற் 6:8-9). மத்தேயுவில் மிதியடியும் கைத்தடியும்கூட வேண்டாம் என்று வருகிறது (மத் 10:10). இந்த வேறுபாட்டை அறிஞர்கள் பலவாறாக விளக்குகிறார்கள். அந்த விவாதத்துக்குள் நாம் போக வேண்டாம். எனக்கு அந்த இரண்டாவது அங்கிதான் முக்கியமாகப் படுகிறது. வெளியில் படுக்க நேர்ந்தால் இரவுக் குளிருக்கு அது உதவும். அதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. "ஒருவேளை தங்க இடம் கிடைக்காவிட்டால்?" என்ற கேள்விக்கு நாம் எடுத்துவைக்கும் பதில் அது. அந்த "ஒருவேளை"யைத்தான் ஆண்டவர் பையிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். யாராவது ஒருவர் கதவு திறப்பார் என்று நம்பிப் போகச் சொன்னார்.

ஆனால் அதே ஆண்டவர் இராவுணவு வேளையில், அப்படிப் போனபோது உங்களுக்கு ஏதாவது குறைவு ஏற்பட்டதா என்று அவர்களைக் கேட்டுவிட்டு, இப்போது பணப்பையும் பையும் உள்ளவர் எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார் (லூக் 22:35-36). எனவே ஒன்றுமில்லாமல் போவதுதான் விசுவாசம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. இன்ன பயணத்துக்கு இன்னது தேவை என்று பகுத்தறிவதும் விசுவாசத்தைச் சேர்ந்ததே.

இனிக் கொஞ்சம் கணக்கு. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,300 அடி எடுத்துவைக்கிறோம். நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் நடந்தால் முப்பதாயிரம் அடிக்கு மேல். பையில் வேண்டாத ஒரு கிலோ இருந்தால், முழங்காலும் பாதமும் அந்த ஒரு கிலோவை அத்தனை முறை தாங்க வேண்டும். வீட்டுக் கூடத்தில் பையைத் தூக்கிப் பார்த்து "பரவாயில்லை, தூக்கலாம்" என்று சொல்வது ஏமாற்று. அங்கே எடுத்துவைக்கிறது பத்து அடிதான்.

ஸ்பெயின் நாட்டில் புனித யாக்கோபின் கல்லறைக்கு, சந்தியாகோ தெ கம்போஸ்தெலாவுக்கு, நடந்து போகிறவர்கள் காலங்காலமாக இருக்கிறார்கள். பிரான்சின் எல்லையிலிருந்து தொடங்கும் புகழ்பெற்ற பாதை சுமார் 780 கிலோமீட்டர். ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அங்கே நடப்பவர்களிடையே ஒரு கணக்கு வழங்குகிறது: உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்றாதே. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஆறு கிலோ. நம் வீட்டுப் பெண்களில் நாற்பத்தைந்து கிலோ இருப்பவருக்கு நாலரை. இதில் தண்ணீரும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அங்கே யாத்திரிகர் விடுதிகள் சிலவற்றில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். சுமக்க முடியாதவர் தமக்கு மிஞ்சியதை அதில் போட்டுப் போகலாம், தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளலாம். முதல் சில நாள்களில் அந்தப் பெட்டியில் என்னென்ன விழும் என்று நீங்களே ஊகிக்கலாம்: தடித்த புத்தகம், இரண்டாவது காலணி, பெரிய சோப்பு டப்பா.

நம் பாதையில் அப்படிப் பெட்டி இல்லை. ஆகவே அந்தப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிடுவோம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு பாயை விரித்து, கொண்டுபோக நினைப்பதையெல்லாம் அதன்மேல் பரப்புங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, "இது எந்த நேரத்தில், எத்தனை முறை பயன்படும்?" என்று கேளுங்கள். தினமும் பயன்படும் என்றால் இருக்கட்டும். "எதற்கும் இருக்கட்டுமே" என்று வாயில் வந்தால் அதைத் தனியே ஒதுக்குங்கள். பிறகு மீதியைப் பையில் போட்டு, அந்தப் பையோடு இரண்டு மூன்று நாள் காலைத் திருப்பலிக்கு நடந்து போய் வாருங்கள். ஊரார் சிரித்தால் சிரிக்கட்டும். இப்படி நடந்து வந்தபின் இன்னும் கொஞ்சம் தானாகவே வெளியே வந்துவிடும்.

உடை பற்றிச் சொல்கிறேன். உடம்பில் ஒன்று, பையில் ஒன்று, இரவில் மாற்றிக்கொள்ள மெல்லியதாக ஒன்று. இது போதும். நம் வெயிலில் வியர்வையோடு இரண்டு நாள் ஒரே துணியில் நடந்தால் தொடை இடுக்கு புண்ணாகிவிடும். எனவே இங்கே நமக்கு மாற்றுத்துணி தேவைதான். ஆனால் நான்கு செட் தேவையில்லை. மாலையில் தங்குமிடத்தில் அலசிக் காயப்போட்டால் மெல்லிய காவி வேட்டியும் சட்டையும் விடிவதற்குள் காய்ந்துவிடும். ஜீன்ஸ் காயாது, நனைந்தால் கல்லாகக் கனக்கும். அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தடித்த டர்க்கி டவலுக்குப் பதில் ஈரோட்டுத் துண்டு ஒன்று. அது துவட்டவும் உதவும், தலையில் வெயிலுக்குப் போடவும் உதவும், பையின் வார் தோளில் அழுத்தினால் மடித்து அடியில் வைக்கவும் உதவும். கனத்த போர்வை வேண்டாம். ஆகஸ்டு மாத இரவில் நமக்குக் கொசுதான் தொல்லை, குளிர் இல்லை. பழைய மெல்லிய பருத்திப் புடவை ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லுவேன். போர்த்திக்கொள்ளலாம், விரிக்கலாம், பெண்கள் உடை மாற்றும்போது மறைப்பாகக் கட்டலாம். ஒரு பொருள் மூன்று வேலை செய்தால் அதற்குப் பையில் இடம் உண்டு.

பெண்கள் மாதவிடாய்க்கு வேண்டிய நாப்கின்களைக் கணக்கில் கூடுதலாகவே வைத்துக்கொள்ளட்டும். பயன்படுத்தியதைப் போடத் தனிக் காகித உறையும் வேண்டும். பீடத்தில் நின்று இதையெல்லாம் சொல்ல நாங்கள் தயங்குகிறோம். அந்தத் தயக்கத்தால் வழியில் அவதிப்படுகிறவர்கள் எங்கள் பிள்ளைகளும் சகோதரிகளும்தானே.

மாலையில் திடீரென இடியோடு மழை கொட்டும் காலம் இது. பைக்கு மேலே உறை போடுவதைவிட, உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை விட்டு அதற்குள் துணிகளை வைத்துக் கட்டுவது நல்லது. மேலே எவ்வளவு நனைந்தாலும் உள்ளே காய்ந்த துணி இருக்கும். குடை கடற்கரைக் காற்றில் திரும்பிக்கொள்ளும். இரண்டு மீட்டர் பிளாஸ்டிக் தாள் ஒன்று இருந்தால் மழைக்குப் போர்த்தவும், இரவில் பாய்க்கு அடியில் போடவும் ஆகும். இதைச் சொல்லும்போது எம்மா கேட்வுட் என்ற அமெரிக்க மூதாட்டி நினைவுக்கு வருகிறார். பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். கணவரின் அடி உதையைப் பல்லாண்டு தாங்கியவர். 1955-இல், தம் 67-ஆம் வயதில், அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். சுமார் 3,300 கிலோமீட்டர். கூடாரம் இல்லை, படுக்கைப் பை இல்லை. தாமே தைத்த ஒரு துணிப்பை, காலில் சாதாரணக் கான்வாஸ் காலணி, ஒரு போர்வை, மழைக்குக் குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை. விலை உயர்ந்த பை வாங்கினால்தான் நடக்க முடியும் என்று நம் இளைஞர்கள் சொல்லும்போது இந்தப் பாட்டியை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இருந்தாலும் பாட்டியின் பையை அப்படியே காப்பியடிக்கவும் வேண்டாம். கோலியாத்தை எதிர்க்கப் போன தாவீதுக்குச் சவுல் தம் கவசத்தையும் தலைச்சீராவையும் அணிவித்தார். தாவீது நடந்து பார்த்தார். பழக்கமில்லாததால் நடக்க முடியவில்லை. கழற்றி வைத்துவிட்டார் (1 சாமு 17:38-39). அரசர் கொடுத்ததாயிற்றே என்று தயங்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்த மலையேறும் பை உங்கள் முதுகுக்கு நீளமாக இருந்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அகலமான இரண்டு வார் உள்ள பள்ளிப்பை போதும். ஒற்றைத் தோளில் தொங்கும் ஜோல்னாப் பை மட்டும் நெடுந்தூரத்துக்கு ஆகாது. ஒரு பக்கம் இழுத்து இழுத்து இடுப்பைப் பிடித்துவிடும். கனமானவை முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும், துணிகள் வெளிப்பக்கம். வாரை இறுக்கிப் பை முதுகோடு ஒட்டும்படி போடுங்கள். பின்புறத்தில் தொங்கி ஆடுகிற பை இரண்டு மடங்கு கனக்கும்.

உணவு? சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாலைநிலத்தில் மன்னாவை மறுநாளுக்கு எடுத்துவைத்தவர்களுக்குப் புழுதான் மிஞ்சியது (விப 16:20). நம் சாலையில் பங்குகளும் ஊர் மக்களும் பந்தல் போட்டு மோரும் சோறும் கொடுக்கிறார்கள். பிற சமயத்துச் சகோதரர்களும் கொடுக்கிறார்கள். டப்பா டப்பாவாக முறுக்கும் தொக்கும் தூக்கிப் போவது அவர்கள் கையைத் தட்டிவிடுவது போல. கடலை மிட்டாய் நாலு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் சில. பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தண்ணீரை இரண்டு மூன்று லிட்டராகச் சுமக்காமல் ஒன்றரை லிட்டர் வைத்துக்கொண்டு, ஊர் வரும்போதெல்லாம் குடித்து நிரப்புங்கள். அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று கடைக்காரரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இனி, குழுவோடு வருகிற வண்டி. இப்போது பெரும்பாலான குழுக்களில் சாமான்களுக்குக் குட்டியானை ஒன்று வருகிறது. வயதானவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் வண்டி இருக்கிறது என்றதும் ஆளுக்கு இரண்டு பை ஆகிவிடுகிறது. நாற்பது பேரின் எண்பது பைகளில் இரவு பத்து மணிக்கு மேல் உங்கள் பையைத் தேடுவது தனி ஒறுத்தல். அதைவிட முக்கியம், வண்டி உங்களுக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னாலோ பின்னாலோ இருக்கும். ஆகவே எதை வண்டியில் போட்டாலும் மருந்து, தண்ணீர், டார்ச், மழைத்தாள், அடையாள அட்டை, கொஞ்சம் பணம், வீட்டார் தொலைபேசி எண் எழுதிய சீட்டு இவை உடம்போடு இருக்க வேண்டும். கத்தரி, பஞ்சு, பிளாஸ்திரி, கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றும் பவர் பேங்க் போன்றவை நாலு பேருக்கு ஒன்று போதும். நாலு பேரும் சேர்ந்து நடந்தால்தான் அது முடியும் என்பது வேறு.

எடை பார்க்காமல் எடுக்க வேண்டியவையும் உண்டு. புனித பவுல் சிறையிலிருந்து எழுதும்போது, துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த போர்வையையும் நூல்களையும் எடுத்து வரும்படி திமொத்தேயுவைக் கேட்கிறார். குளிர்காலத்துக்கு முன் வந்துவிடு என்கிறார் (2 திமொ 4:13, 21). எத்தனையோ சாலைகளை நடந்து தீர்த்தவர் அவர். அவருக்கே ஒரு போர்வை தேவைப்பட்டது, கூச்சப்படாமல் கேட்டார். புனித சவேரியாரும் அப்படித்தான். 1541 ஏப்ரலில் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது, மன்னர் கொடுக்கச் சொன்ன பணியாளை வேண்டாம் என்றார். சில நூல்களையும், ஆப்பிரிக்கத் தென்முனைக் குளிருக்குக் கனத்த உடையையும் வாங்கிக்கொண்டார்.

நம் பாதையில் அப்படிக் கட்டாயமானவை மூன்று. முதலாவது, இரவில் ஒளிரும் பட்டை. வெயிலுக்குப் பயந்து விடியுமுன்னும் இரவிலும் நடக்கிறோம். நடந்து போனவர்கள்மேல் வண்டி மோதிய செய்தியைப் படிக்கிறோம். ஒளிரும் பட்டைக்கு எடையே இல்லை; பையின் பின்னால் தைத்துவிடுங்கள். டார்ச் பிடித்து, எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலப்பக்கமாக நடங்கள். காதில் மாட்டும் பாட்டுக் கருவி வீட்டில் இருக்கட்டும்.

இரண்டாவது, மருந்து. சர்க்கரை நோயாளிகள் நாள் முழுதும் நடக்கும்போது சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும். மாத்திரையை, ஊசியை எப்படிக் குறைப்பது என்று முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள். சட்டைப் பையிலேயே குளுக்கோஸோ மிட்டாயோ இருக்கட்டும். பக்கத்தில் நடப்பவருக்கும் உங்கள் நோய் தெரிந்திருக்கட்டும்.

மூன்றாவது, பாதத்துக்கு வேண்டியவை. கொப்புளம் வருவது ஈரமும் சூடும் உராய்வும் சேரும்போது. எனவே உலர்ந்த பருமனான காலுறை இரண்டு ஜோடி, வாசலின், ஒட்டுப் பிளாஸ்திரி. பழகிய காலணி, யாத்திரைக்கென்று புதிது வாங்காதீர்கள். நடக்க நடக்கப் பாதம் வீங்கும், ஆகவே சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். எரிச்சல் தெரிந்த இடத்திலேயே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள். "அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அடுத்த ஊரில் தோல் இருக்காது. வந்துவிட்ட கொப்புளத்தின் தோலை உரிக்காதீர்கள். இரவு படுக்குமுன் ஒருவர் உள்ளங்காலை மற்றவர் வெளிச்சம் போட்டுப் பார்ப்பது நல்லது. பெரிய வியாழன் அன்று பன்னிரண்டு பேருக்குச் செய்வதைப் பாதையோரத்தில் எல்லாரும் செய்யலாம்.

இங்கே வெறுங்கால் நேர்ச்சை பற்றியும் பேசியாக வேண்டும். "காலணி இல்லாமல் வருகிறேன்" என்று அன்னையிடம் பொருத்தனை செய்தவர்கள் நம்மில் பலர். நண்பகல் தார்ச்சாலை 50 டிகிரியைத் தாண்டிச் சுடும். நல்ல கால் அதை உணர்ந்து ஒதுங்கிவிடும். நெடுநாள் சர்க்கரை நோயால் நரம்பு மரத்த கால் உணராது; வெந்துபோனதும் கல் குத்தியதும் தெரியாது. அந்தப் புண் ஆறாமல் விரலையும் காலையும் எடுக்க வேண்டி வந்த குடும்பங்கள் உண்டு. நேர்ச்சையை மீறினால் தண்டனை வருமோ என்று அஞ்சி, மருத்துவர் சொல்லியும் கேளாமல் வெறுங்காலோடு கிளம்புகிறார்கள். அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். திருச்சபைச் சட்டப்படி, நேர்ச்சை என்பது செய்யக்கூடியதும் மேலானதுமான ஒரு நன்மையைக் குறித்துக் கடவுளுக்குத் தரும் வாக்கு (சட்டம் 1191). தனிப்பட்ட நேர்ச்சையை, அதற்கு ஈடான அல்லது அதைவிடச் சிறந்த நற்செயலாக, நேர்ந்தவரே மாற்றிக்கொள்ளலாம் (சட்டம் 1197). தக்க காரணம் இருந்தால் அதிலிருந்து விலக்குத் தரப் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு (சட்டம் 1196). ஐந்து நிமிடப் பேச்சு. திருப்பலி முடிந்து சக்ரீஸ்துக்கு வந்து கேளுங்கள். யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். செருப்புப் போட்டு நடந்து, அந்த நேர்ச்சைக்கு ஈடாக, டயாலிசிஸ் செய்துகொள்ளும் அண்டை வீட்டாரை வாரம் ஒருமுறை மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம். அது குறைந்த காணிக்கை அல்ல.

காணிக்கைப் பொருள்களைப் பற்றியும் கேட்கிறார்கள். மெழுகுதிரியும் தொட்டிலும் வேளாங்கண்ணிக் கடைகளிலேயே கிடைக்கும். நாற்பது கிலோமீட்டருக்கு முன்பே வாங்கிச் சுமந்து, வெயிலில் வளைந்துபோன மெழுகைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் தராசில் வைத்துவிட முடியாது. வழியில் ஒரு பங்கில் இரவு தங்கிய குழுவில், இளைஞர்கள் ஒவ்வொருவர் பையாகப் பிரித்து வேண்டாததை எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தாயின் பையில் சிறுவன் ஒருவனின் பள்ளிச்சட்டையும் காலணியும் இருந்தன. "அம்மா, இது எதுக்கு?" என்றான் ஒரு தம்பி. "போன வருஷம் அவனும் வரேன்னு சொல்லியிருந்தான்" என்றார் அவர். தம்பி மடித்தபடியே உள்ளே வைத்தான். பிறகு அந்தத் தாயின் தண்ணீர்ப் புட்டியையும் போர்வையையும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். கடைசி வரை அவனே சுமந்தான்.

கடைசியாக, நடந்து முடித்த பிறகு. காலிப் புட்டிகளையும் உறைகளையும் சாலையோர வயலில் எறியாமல் பையில் திருப்பிப் போட ஒரு சிறு பை தனியாக வைத்திருங்கள். அந்த வயல்காரர்தான் நமக்கு மோர் கொடுத்தவர். திரும்புவது பெரும்பாலும் பேருந்திலோ தொடர்வண்டியிலோதான். எனவே பேரப்பிள்ளைக்குப் பொம்மை, வீட்டுக்குச் சுரூபம், அண்டை வீட்டாருக்குச் சங்கு, சிப்பி என்று ஆசைப்பட்டதை அப்போது வாங்குங்கள். இவ்வளவு குறைத்துக் கட்டியதில் பையில் நிறைய இடம் இருக்கும். விழா முடிந்த கூட்டத்தில் பேருந்தில் உட்கார இடம் பிடிப்பது மட்டும் உங்கள் சாமர்த்தியம்.